கூப்பிடு தூரத்தில் இரண்டாவது வீடு

அத்தியாயம் 9

வியாழக்கிழமை காலை ஏழேகாலுக்கு இத்வாலின் கார் சபை வீட்டு வாசலில் வந்து நின்றது. ஹாரன் சத்தம் இல்லை. இத்வால் ஹாரன் அடித்துக் கூப்பிடுகிற ஆள் இல்லை. இஞ்சினை அணைத்துவிட்டு, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் வைத்தபடி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சமையலறை ஜன்னல் வழியாக அதைப் பார்த்த ஹெலெத் அம்மாவிடம் திரும்பினாள்.

"மாமா வந்துட்டாரு. டிரைவரா வந்திருக்காரா, உன் அண்ணனா வந்திருக்காரான்னுதான் தெரியல."

டெக்வென் ஏற்கெனவே கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பைகளை எடுத்து மறுபடி கழுவினாள். பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிற கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். வரித் தீர்ப்பாயத்துக்கு எதைப் போட்டுக்கொண்டு போவது என்று இரண்டு நாளாக யோசித்து, கடைசியில் அதுதான் என்று முடிவு செய்திருந்தாள்.

டெக்வெனுக்கு அறுபத்துமூன்று வயது. வேல்ஸின் மேற்குக் கரையில், லான்வாடோக் கிராமத்தின் பெத்தானியா சபைக்கூடத்துக்குக் காப்பாளர். கூடத்தின் பக்கச் சுவரை ஒட்டிக் கட்டிய சபை வீட்டில் பதினான்கு வருடமாகக் குடியிருக்கிறாள். அங்கிருந்து மேட்டுப்பாதையில் ஏறினால், கூப்பிட்டால் காது கேட்கும் தூரத்தில், அவளுக்கே சொந்தமாக ஒரு வீடு இருக்கிறது. பென்ரிவ் என்று பெயர். அவளும் கணவன் எல்வினும் தவணை கட்டி வாங்கியது. எல்வின் இறந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது அங்கே யாரும் குடியில்லை.

சபை வீடு அவளுடையது அல்ல. சபையை நடத்துகிற மூப்பர்கள் நினைத்தால் ஒரு மாத அவகாசத்தில் காலி செய்யச் சொல்லலாம். சபையையே மூடிவிடலாம். இப்போது ஆராதனைக்கு வருகிறவர்கள் பத்தொன்பது பேர்தான். அப்படி ஒரு நாள் வந்தால் போய்ப் படுக்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் பென்ரிவ்வை அவள் விற்கவில்லை, வாடகைக்கும் விடவில்லை.

மாவட்டக் கவுன்சில் அதை 'இரண்டாவது வீடு' என்று பதிந்துகொண்டது. வழக்கமான வீட்டு வரிக்கு மேல் நூற்றைம்பது சதவீதம் கூடுதல். இரண்டு வருடத்துக்குச் சேர்த்துக் கூடுதல் மட்டும் ஐயாயிரத்து எண்ணூறு பவுண்டு. டெக்வெனிடம் அவ்வளவு இல்லை. கட்ட வேண்டுமானால் வீட்டை விற்றுத்தான் கட்ட வேண்டும்.

சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. வேலையின் பொருட்டு வேறொரு வீட்டில் கட்டாயமாகத் தங்குகிறவர்களுக்கு, சொந்த வீட்டின் மேல் கூடுதல் வரி கிடையாது. இதைக் கண்டுபிடித்தவள் ஹெலெத். விண்ணப்பத்தையும் அவள்தான் வாங்கிவந்தாள். ஆனால் அதை நிரப்பியது டெக்வென். 'இந்த வேலைக்குச் சம்பளம் உண்டா' என்ற கேள்விக்கு எதிரே, அழகான கையெழுத்தில், 'இல்லை. தொண்டு' என்று எழுதி அனுப்பிவிட்டாள்.

அவள் பொய் சொல்லவில்லை. மாதக் கடைசியில் சபை அவளுக்கு அறுபது பவுண்டு தருகிறது. வெள்ளை உறையில் வைத்து, மேலே 'நன்றிக்காணிக்கை' என்று இத்வால் தன் கையால் எழுதித் தருவார். அதைச் சம்பளம் என்று பெத்தானியாவில் யாரும் சொன்னதில்லை. வெளியூரிலிருந்து வருகிற பிரசங்கியார்கூட உறையைப் பிரித்துப் பார்க்காமல் பைக்குள் வைத்துக்கொள்வதுதான் மரியாதை. கர்த்தருடைய வீட்டைப் பெருக்குவதை வேலை என்று சொல்வது டெக்வெனுக்கு, நோயாளியைப் பார்க்கப் போனதற்குக் கூலி கேட்கிற மாதிரி.

கவுன்சில் மூன்று வரியில் மறுத்துவிட்டது. சம்பளம் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் விலக்கும் இல்லை.

மேல்முறையீட்டுக்காக, இத்வாலிடம் ஒரே ஒரு கடிதம் கேட்டார்கள். அவர் தலைமை மூப்பர். 'டெக்வென் எங்களிடம் வேலை செய்கிறார்' என்று ஒரு வரி போதும். போன வாரம் அவர் அதற்கு மறுத்ததும், ஹெலெத் அவர் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்ததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

"ஒரு வரி எழுதினா அடுத்த வாரமே எவனாவது வந்து கேப்பான்," என்று சொல்லியிருந்தார் இத்வால். "பதினாலு வருஷம் இந்தம்மாவுக்கு சட்டப்படி சம்பளம் குடுத்தீங்களா, காப்பீடு கட்டினீங்களா, ஓய்வூதியத்துக்குப் பிடிச்சீங்களான்னு. இருக்கிற பத்தொன்பது பேரும் வீட்டை வித்தாலும் பத்தாது."

"உங்களுக்கு பயம் சட்டத்தைப் பார்த்தா, மோர்விட் அம்மாவைப் பார்த்தா?" என்று ஹெலெத் கேட்டிருந்தாள். மோர்விட் சபையின் பொருளாளர்.

ஆனாலும் இத்வால் இன்று கார் ஓட்ட வந்துவிட்டார். பஸ்ஸில் போவதாக டெக்வென் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. ஹெலெத் பஸ் ஓட்டுநர். அன்றைய பணியைக் கூட வேலை செய்கிறவளிடம் மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

"உள்ள வரமாட்டேன்," என்றார் இத்வால், கார் கிளம்பியதும். "கொண்டுபோய் விடறேன். கூட்டிட்டு வரேன். அவ்வளவுதான்."

பின் சீட்டில் ஹெலெத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பை கிடந்தது. உள்ளே கனமாகச் சதுரமாக ஏதோ இருந்தது. அவள் கை அதன் பக்கம் போனதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"அதைத் தொடாதே."

"பைபிளா மாமா?"

"இல்ல."

இத்வால் எந்தச் சாலையிலும் மணிக்கு நாற்பது மைலுக்கு மேல் போகமாட்டார். பின்னால் பால் லாரி ஒன்று ஒட்டிக்கொண்டே வந்தது.

கடலோரத் தெருவைக் கடக்கும்போது டெக்வென் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நவம்பர் மாதம். வரிசையாக முப்பத்துநாலு வீடுகள். அதில் பதினொன்று லண்டன்காரர்கள் வாங்கிப்போட்ட கோடை வீடுகள், அக்டோபரிலிருந்து ஈஸ்டர் வரை பூட்டிக் கிடக்கும். கூடுதல் வரி வந்ததே அந்தப் பதினொன்றுக்காக. அவர்கள் ஏற்றிவிட்ட விலையில், ஹெலெத்தோடு படித்த யாராலும் சொந்த ஊரில் ஒரு வீடு வாங்க முடியவில்லை. கவுன்சில் இந்த வரியை விவாதித்த அன்று, மழையில் பலகை பிடித்துக்கொண்டு வாசலில் நின்றவர்களில் டெக்வெனும் ஒருத்தி. வரி வேண்டும் என்றுதான் நின்றாள். இன்றும் அந்த எண்ணத்தில் மாற்றமில்லை.

அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. தன் பெயர் அந்தப் பதினொன்றோடு பன்னிரண்டாவதாகச் சேர்ந்துவிட்டது. தபால் நிலையக் கடைக்காரன் அவளை ஒரு மாதமாக 'லண்டன்காரம்மா' என்று கூப்பிடுகிறான். வேடிக்கைதான். முதல் வாரம் அவளும் சிரித்தாள்.

தீர்ப்பாயம் மாவட்டத் தலைநகரில், நூலகத்தின் மாடியில் கூடியது. நீள மேசை, தண்ணீர்க் கூஜா, தேவைக்கு மேல் சுடுகிற சுவர் ஹீட்டர். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர் திருமதி ஹவார்ட். முப்பது வருடம் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர். விசாரணை வெல்ஷ் மொழியிலேயே நடந்தது. கிழக்கிலிருந்து வந்த ஓர் உறுப்பினர் மட்டும் மொழிபெயர்ப்புக்காகக் காதில் கருவி மாட்டியிருந்தார்.

கவுன்சில் தரப்பில் ரோட்ரி என்ற இளைஞன். முப்பது வயது இருக்காது. டெக்வென் உள்ளே வந்ததும் எழுந்து நின்றான். ஹெலெத்துக்கு அது பிடிக்கவில்லை. கோபப்படுவதற்குத் தோதான ஆளாக இருப்பான் என்று அவள் நினைத்திருந்தாள்.

உள்ளே வரமாட்டேன் என்ற இத்வால், கார் நிறுத்த இடம் கிடைத்ததும் மாடி ஏறி வந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு, பின்வரிசையில் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஹெலெத் முதலில் பேசினாள். மூன்று வாரம் உழைத்துத் தயாரித்த கோப்பு அது. பென்ரிவ்வின் மின்சார ரசீதுகள், தண்ணீர்க் கணக்கு, தபால்காரர் எழுதிக் கொடுத்த கடிதம். பதினான்கு வருடமாக அம்மா அங்கே ஓர் இரவுகூடத் தங்கியதில்லை என்பதை ஒவ்வொரு தாளாக எடுத்துக் காட்டி நிரூபித்தாள்.

ரோட்ரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதை நாங்களும் ஒத்துக்கறோம்," என்றான். "அங்க யாரும் குடியில்லைங்கறதுதான் எங்க வாதமே."

ஹெலெத் உட்கார்ந்தாள். தபால்காரரிடம் அந்தக் கடிதத்தை வாங்க இரண்டு தடவை நடந்திருந்தாள்.

பிறகு தலைவர் டெக்வென் பக்கம் திரும்பினார். விண்ணப்பத்தில் இருப்பது அவளுடைய கையெழுத்துதானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். சம்பளம் இல்லை என்று எழுதியிருப்பதும் அவள்தானா. அதுவும் ஆமாம்.

"ஆனா மாசாமாசம் அறுபது பவுண்டு வருதுன்னு உங்க பொண்ணு குடுத்த தாள்ல இருக்கு. அது என்னம்மா?"

"அது நன்றிக்காணிக்கைங்க."

"எதுக்கு நன்றி?"

டெக்வென் சொல்லத் தொடங்கினாள். முதலில் மெதுவாக, பிறகு ஒன்றை நினைத்தால் அடுத்தது தானாக வர, நிறுத்தாமல் சொன்னாள். ஞாயிறு இரண்டு ஆராதனைக்கும் கூடத்தைத் திறந்து சூடேற்றுவது. பாட்டு எண்களைப் பலகையில் மாட்டுவது. நற்கருணைக்கான முப்பது சின்னக் கண்ணாடிக் கிண்ணங்களைக் கையால் கழுவித் துடைப்பது. வெளியூர்ப் பிரசங்கியாருக்கு மதியச் சாப்பாடு, இருட்டிவிட்டால் படுக்கை. சாவு வீட்டாருக்குத் தேநீரும் ஹாம் வைத்த ரொட்டியும். கல்லறைத் தோட்டத்துப் புல். குளிர்காலத்தில் ராத்திரி இரண்டு முறை எழுந்து பாய்லரைப் பார்ப்பது. கருவி மாட்டியிருந்த உறுப்பினர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

"ஒரு வாரம் இதையெல்லாம் செய்யலைன்னா என்ன ஆகும்?"

"செய்யாம இருந்ததில்லைங்க."

"இருந்தா?"

டெக்வென் யோசித்தாள். உண்மையாகவே அவளுக்குத் தெரியவில்லை.

ரோட்ரி எழுந்தான். குரலை உயர்த்தவில்லை. அம்மையார் செய்வது பெரிய காரியம் என்பதில் கவுன்சிலுக்குச் சந்தேகமில்லை என்றான். ஆனால் மாவட்டம் முழுக்கப் பலர் இப்படித் தொண்டு செய்கிறார்கள். சபை வீட்டில்தான் தங்க வேண்டும் என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை. நினைத்தால் நாளைக்கே மேட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

"அவங்க விருப்பப்பட்டு அங்க இருக்காங்க. அவ்வளவுதான் நாங்க சொல்றது."

காகிதத்தைப் பார்த்தால் அது சரியாகத்தான் இருந்தது. ஹெலெத் வேகமாக எழுந்தாள். தலைவர் கையைக் காட்டி அவளை உட்காரச் சொன்னார்.

"அம்மா, அங்கதான் தங்கணும்னு சபை உங்ககிட்ட சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?"

"எங்க ஊர்ல எதையும் எழுதி வாங்கறதில்லைங்க. சொன்னாப் போதும்."

"சரி. சொன்னது யாரு?"

டெக்வென் மடியில் இருந்த கையுறைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணனை இதில் இழுப்பதில்லை என்று அவள் காலையிலேயே முடிவு செய்துவிட்டாள் என்பது ஹெலெத்துக்கு அப்போதுதான் புரிந்தது. வீடு போனாலும் போகட்டும் என்று உட்கார்ந்திருக்கிறாள்.

பின்வரிசையில் பிளாஸ்டிக் பை சரசரத்தது.

"நான்தாங்க சொன்னது," என்றார் இத்வால்.

எழுபது வயதுக்கு அவர் நிமிர்ந்துதான் நின்றார். தன் பெயரையும் பொறுப்பையும் சொன்னார். பையிலிருந்து பச்சைத் துணி அட்டை போட்ட தடித்த நோட்டை எடுத்தார். பெத்தானியா மூப்பர் கூட்டத்தின் தீர்மானப் புத்தகம். மூப்பர்களைத் தவிர யாரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. மோர்விட் அம்மாவின் கணவர்கூட.

ரோட்ரி ஆட்சேபிக்கவில்லை. தலைவர் படிக்கச் சொன்னார். இத்வால் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிற அதே குரலில் படித்தார்.

"இரண்டாயிரத்துப் பதினொன்று, ஜனவரி ஒன்பது. டிசம்பர் உறைபனியில் குழாய் வெடித்து, இரவு முழுவதும் யாரும் கவனிக்காததால் பின்னறை நீரில் மூழ்கியது குறித்து விவாதிக்கப்பட்டது. காப்பாளர் தம் சொந்த வீட்டில் இரவு தங்குவது இனி ஏற்கப்படாது. இம்மாத இறுதிக்குள் அவர் சபை வீட்டில் குடியேற வேண்டும். மாதத் தொகை நாற்பதிலிருந்து அறுபது பவுண்டாக உயர்த்தப்படும்."

இங்கே நிறுத்தினார். அடுத்த வரியின் மேல் விரல் இருந்தது.

"இசையாவிடில் வேறு ஆள் நியமிக்கப்படும்."

டெக்வென் தலையை நிமிர்த்தினாள். முதல் பாதியெல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். கடைசி வரியை இப்போதுதான் கேட்கிறாள். அந்த ஜனவரியில் இத்வால் பென்ரிவ் சமையலறைக்கு வந்து, தேநீரைக் குடித்துவிட்டு, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது வேறு. நீ கீழே வந்து இருந்தால் நல்லது என்று எல்லோரும் நினைக்கிறார்கள் என்றார். எல்வினுக்கு மனசில்லை. அண்ணன் ஆசைப்படுகிறார் என்று சொல்லி டெக்வென்தான் சம்மதிக்க வைத்தாள்.

"இதை முன்மொழிஞ்சது யாருன்னு இருக்கா?" என்று கேட்டார் தலைவர்.

"இருக்கு. நான்தான்."

"காப்பாளர் உங்களுக்கு உறவா?"

"தங்கச்சி."

"அவங்க அன்னிக்கு வரமாட்டேன்னு சொல்லியிருந்தா, உண்மையிலேயே அனுப்பியிருப்பீங்களா? இல்ல, இது சும்மா எழுதி வச்சதா?"

இத்வால் கண்ணாடியைக் கழற்றினார். சட்டைப் பையில் வைக்கப் பார்த்தார். பை எங்கே என்று தெரியாததுபோல் கை தடவியது.

"அனுப்பியிருப்பேன்," என்றார். "கூடத்தை ராத்திரி பார்க்க ஆள் வேணும். தங்கச்சி வேற. வேலை வேற."

வேலை. பெத்தானியாவின் மூப்பர் ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல் அப்படி வந்தது அதுதான் முதல் தடவை.

ரோட்ரி நோட்டைப் பார்க்க அனுமதி கேட்டான். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தான். ஐந்து நிமிடம் வெளியே போய்த் தொலைபேசியில் பேசிவிட்டு வந்தான். இந்தப் பதிவு முதலிலேயே கிடைத்திருந்தால் கவுன்சிலின் முடிவு வேறாக இருந்திருக்கும் என்றும், மேற்கொண்டு எதிர்வாதம் இல்லை என்றும் சொன்னான். உட்காரும்போது அவன் முகத்திலும் ஒரு பாரம் இறங்கியது தெரிந்தது.

உறுப்பினர்கள் கலந்து பேச எழுந்து போனார்கள்.

வெளியே நடையில் ஒரு பெஞ்சு. மூன்று பேரும் அதில் உட்கார்ந்தார்கள். ஹெலெத்துக்கு மாமாவைப் பார்த்துக் கத்த வேண்டும் போலவும் இருந்தது, கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் எழுந்து போய்த் தண்ணீர் பிடித்துவந்து அவரிடம் கொடுத்தாள். அவர் ஒரே மூச்சில் குடித்தார்.

"அந்தக் கடைசி வரி," என்றாள் டெக்வென். "அதை நீங்க எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்டே."

டெக்வென் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆமா. வந்திருக்க மாட்டேன்."

கோபம் இல்லை அந்தக் குரலில். பதினான்கு வருடமாகத் தானே விருப்பப்பட்டுச் செய்ததாக நினைத்திருந்த ஒன்று, வேறொருவர் கையெழுத்தில் வேறு மாதிரி இருப்பதைப் பார்த்த வியப்புதான் இருந்தது. அண்ணன் தன்னை வீடிழக்க விடாமல் காப்பாற்றிவிட்டார் என்பதும், அதற்காகத் தன் முகத்துக்கு நேரே அப்படி ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது என்பதும் சேர்ந்தே அவளுக்குப் புரிந்தது. இத்வால் காலிக் கோப்பையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

இருபத்தைந்து நிமிடத்தில் கூப்பிட்டார்கள்.

திருமதி ஹவார்ட் சுருக்கமாகப் பேசினார். டெக்வென் செய்வது வேலைதான். அந்த வேலைக்குச் சபை வீட்டில் தங்குவது நிபந்தனை. எனவே பென்ரிவ் மேல் போட்ட கூடுதல் வரி இரண்டு வருடத்துக்கும் நீக்கப்படுகிறது. வழக்கமான வரி மட்டும் கட்டினால் போதும். எழுத்து மூலமான உத்தரவு தபாலில் வரும். முடித்துவிட்டுத் தாள்களை அடுக்கியவர், என்ன நினைத்தாரோ, மறுபடி டெக்வெனைப் பார்த்தார்.

"இனிமே எந்த ஃபாரத்துல கேட்டாலும் வேலைன்னே எழுதுங்கம்மா. சாமி கோவிச்சுக்க மாட்டாரு."

டெக்வென் நன்றி சொன்னாள். ரோட்ரியிடம் கை கொடுத்தாள். கோட்டை எடுத்து மாட்டப் போனவளுக்கு வலது கை போகிற வழி கிடைக்கவில்லை. ஹெலெத் பிடித்து மாட்டிவிட்டாள். மாடிப்படியில் பாதி இறங்கியதும், கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். புத்தகங்களோடு ஏறி வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் அழுகிறாள் என்று நினைத்து ஹெலெத் குனிந்து பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். சத்தமே வராமல், தோள் குலுங்க, கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அந்தக் கடைக்காரன்கிட்ட போய் சொல்லணும்," என்றாள். "லண்டன்காரம்மா ஊர் திரும்பிட்டான்னு."

சந்தைத் தெருவில் ஓர் உணவு விடுதிக்குப் போனார்கள். மூன்று பேருக்கும் ஆட்டுக்கறிச் சூப்பும், ரொட்டியும், பாலாடைக்கட்டியும். இத்வால் முந்தின நாள் மதியத்திலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அவர் சாப்பிட்ட வேகத்தில் தெரிந்தது.

"திங்கக்கிழமை வரைக்கும் மாட்டேன்னுதானே சொன்னீங்க," என்றாள் ஹெலெத். "எதுக்கு மாமா புத்தகத்தைக் கொண்டுவந்தீங்க?"

இத்வால் ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் நனைத்தார்.

"வீட்டை வித்துடறான்னு வை. அப்புறம் சபையை மூடறாங்கன்னு வை. உங்கம்மா எங்க போவா? என் வீட்டுக்குத்தான் வந்தாகணும்."

"அதுக்குப் பயந்துதான் கொண்டுவந்தீங்களா?" என்றாள் டெக்வென்.

"நீ என் அலமாரியெல்லாம் ஒழுங்குபடுத்துவே."

ஹெலெத்துக்குச் சூப் புரையேறிவிட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு மூவரும் ஒரே மேசையில் சிரித்தார்கள். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மேசை மேல் இருந்த இத்வாலின் கைபேசி அதிர்ந்தது. திரையில் மோர்விட். அவர் எடுக்கவில்லை. காலையிலிருந்து மூன்றாவது முறை என்றார். மூப்பர் கூட்டத்தைக் கேட்காமல் தீர்மானப் புத்தகத்தை வெளியே கொண்டுவந்தாயிற்று. சபைக்கு ஒரு பணியாளர் உண்டு என்று அரசாங்க மேசையில் ஒப்புக்கொண்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கூட்டம் இருக்கிறது. அங்கே என்ன சொல்வது என்று அவருக்கு இன்னும் தெரியவில்லை.

"சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றாள் ஹெலெத். பஸ் ஊழியர் சங்கத்தில் அவள் உறுப்பினர். இந்த விஷயங்கள் அவளுக்கு மனப்பாடம். "வேலைன்னு ஆயிடுச்சு. வேலைன்னா சட்டப்படி சம்பளம். சம்பளத்தோட லீவு. அம்மா, பதினாலு வருஷத்துல எத்தனை நாள் லீவு எடுத்திருக்கே?"

டெக்வென் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எல்வின் அடக்கத்தன்றுகூட அவள்தான் காலையில் கூடத்தைத் திறந்தாள். வந்தவர்களுக்குத் தேநீரும் அவள்தான் போட்டாள்.

"எடுக்கல," என்றாள்.

இத்வால் கரண்டியைக் கீழே வைத்தார். தங்கையை அவர் இன்று முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

டெக்வென் தட்டில் மிச்சமிருந்த பாலாடைக்கட்டியைச் சின்னத் துண்டுகளாக வெட்டினாள். எல்லாத் துண்டும் ஒரே அளவாக வரும்வரை வெட்டினாள்.

"அப்போ இந்த ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு, அண்ணே," என்றாள்.

இத்வால் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"இந்த ஞாயிறா? கூட்டம் இருக்கே."

"கூட்டம் உங்களுக்குத்தானே."

"லீவு போட்டு எங்க போகப்போறே?"

"எங்கயும் போகல. சனிக்கிழமை சாயங்காலம் பென்ரிவ்வுக்கு ஏறிப்போய் கணப்பைப் பத்தவைப்பேன். என் வீட்ல, என் கட்டில்ல, எட்டு மணி வரைக்கும் தூங்குவேன்."

"அம்மா, எட்டுன்னா விடிஞ்சு உச்சிவேளை உனக்கு," என்றாள் ஹெலெத்.

இத்வால் விரல்களை மேசை மேல் வைத்து ஒவ்வொன்றாக மடக்கினார். கூடத்தைத் திறக்க வேண்டும். சூடேற்ற வேண்டும். பாட்டு எண்கள். பிறகு ஏதோ நினைவுக்கு வந்ததும் அவர் முகம் மாறியது.

"டெக்வென், இந்த வாரம் வர்ற பிரசங்கியார் எண்பது மைல் தாண்டி வர்றாரு. மத்தியானச் சாப்பாடு? எனக்கு உருளைக்கிழங்கு வேகவைக்கக்கூடத் தெரியாதே."

கைபேசி நான்காவது முறையாக அதிர்ந்தது. டெக்வென் அதை எடுத்து, துடைத்துச் சுத்தமாக்கி, அவர் கையில் கொடுத்தாள்.

"மோர்விட்டைக் கேட்டுப் பாருங்க, அண்ணே. ஆள் ஏற்பாடு பண்றது முதலாளி பொறுப்பு."